எட்டு சொன்னால் கஞ்சி

மாட்டுத் தரகர் ஞானதாஸ் தன் ஆயுளில் எடுத்த எடுப்பில் சொன்ன எந்த எண்ணும் உண்மையாக இருந்ததில்லை. அதைப் பொய் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். தொழில் என்று சொல்ல வேண்டும். விற்கிற மாடென்றால் ஒசத்திச் சொல்வது, வாங்குகிற மாடென்றால் தாழ்த்திச் சொல்வது. எதிராளி அடித்துப் பேசுவான். இவர் துண்டைப் போட்டு அதற்குள் அவன் விரலைப் பிடிப்பார், பிடித்த விரல் எத்தனையோ அதுதான் விலை. கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறி, நடுவில் எங்கேயோ உண்மை களைத்துப்போய் வந்து உட்காரும். அந்த இடத்தில் தரகு முடியும்.

வத்தலக்குண்டிலிருந்து மணப்பாறை வரைக்கும் அவர் கை படாத துண்டு கிடையாது. மூன்று காலில் நின்ற காளையை, "நாலாவது காலை ஒங்க வீட்டு மண்ணுல ஊனணும்னு பத்திரமா தூக்கி வச்சிருக்கு" என்று சொல்லி விற்றவர். வாங்கினவன் அடுத்த வாரமே சந்தோசமாக வந்து, அதற்கு ஜோடி மாடு கேட்டானாம். இதைச் சொன்னவரும் ஞானதாஸ்தான்.

அப்பேர்ப்பட்டவரைக் கவிழ்த்தது அவருடைய வலது முட்டி. சந்தை சந்தையாக நடந்ததில் தேய்ந்து, எண்ணெய் காணாத வண்டி அச்சு மாதிரி கிறீச்சிட்டது. மெடிக்கல் கடையில் பேர் சொல்லாமல் கலர் சொல்லியே மாத்திரை வாங்கி வருசக்கணக்கில் விழுங்கினார். பச்சைக்குக் கேட்காமல் போனதும் ரோஸுக்குப் போனார். ரோஸுக்கும் கேட்காமல் போனதும் முட்டியையே மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. ரெண்டாயிரத்து நாலாம் வருசம், மே மாசம்.

முட்டி தேய்ந்தாலும் முடி தேயவில்லை. அறுபத்தஞ்சு வயதிலும் கருகருவென்று, நெற்றியில் ஒரு சுருள் தொங்க, கூடவே தடித்த கறுப்பு மீசை. கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவிச் சந்தைக்கு ஓட்டிவந்த கை, சொந்தத் தலையை மட்டும் சும்மா விடுமா? சனிக்கிழமை சாயங்காலம் மை பூசுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் தலை மினுங்கும். தலையணை உறைகளும் மினுங்கும். அந்தச் சாயத்தைத் துவைத்துத் துவைத்தே அவர் சம்சாரம் புஷ்பமேரிக்கு விரல் ரேகை அழிந்துவிட்டது. வேளாங்கண்ணிக்குப் போகும்போதெல்லாம் கெஞ்சுவாள்.

"ஒரே ஒரு தடவை ஒரு மொட்டையைப் போடுங்களேன். மாதாவுக்குக் குடுத்ததா இருக்கும்."

"தலை போனாலும் முடி போகாது."

புஷ்பமேரி அத்தோடு விட்டுவிடுவாள். செம்பட்டி மாட்டுத் தரகர் மகள் அவள். பெண்ணாகப் பிறந்ததால் சந்தைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

மதுரையில் ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர் விக்னேஷ்குமார் சின்ன வயசுக்காரர். கத்தியை எடுப்பதற்கு முன்னாடியே, யாருக்கு எம்புட்டு வலிக்கும், யார் எம்புட்டு மாத்திரை கேட்பார்கள் என்று கணித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. வீல்சேரில் வந்திறங்கிய ஞானதாஸிடம் கேட்டார்.

"இப்ப வலி எத்தனைய்யா? வலியே இல்லேன்னா சைபர். தாங்கவே முடியலேன்னா பத்து."

எண்ணைக் கேட்டதும் ஞானதாஸுக்குள் சந்தை கூடிவிட்டது. நாம் வாங்க வந்த ஆள். அவசரத்தைக் காட்டினால் தலையில் கட்டிவிடுவார்கள்.

"ஒண்ணு" என்றார்.

"ஒண்ணா? நடக்க முடியாம சேர்ல வந்திருக்கீங்க."

"சரி, ஒங்க மொகத்துக்காக ஒண்ணரை."

"தூக்கம் எப்படி?"

"படுத்தா பொணம்."

"மாத்திரை எதுவும் பழக்கம் உண்டா?"

"ஒரு மாத்திரை பேரு கூடத் தெரியாது டாக்டர்." இது மட்டும் உண்மை.

"ஆபரேசன்னா பயமா?"

"பயமா? எனக்கா? மெரண்ட காளை மூக்குல வெரலை விட்டவன் டாக்டர் நான்!"

டாக்டர் அவரை எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டு, அதே கேள்விகளைப் புஷ்பமேரியிடம் கேட்டார்.

"தூக்கமா? ராவெல்லாம் முட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒப்பாரி. மாத்திரையா? கலர் கலரா, கொடியில கட்டலாம். பயமான்னா கேட்டீக? பல்லு புடுங்கப் போனப்ப ஊசியைக் கண்ணுல காட்டக்கூட இல்ல, அதுக்குள்ள சாமியாரைக் கூப்டு, சாகக் கெடக்குறவங்களுக்குக் குடுக்கிற அவஸ்தைப்பூசுதலைக் குடுக்கச் சொல்லுன்னாரு."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"அம்மா, ரொம்பப் பயப்படுறவங்க, சரியாத் தூங்காதவங்க, ஏற்கெனவே வலி மாத்திரை பழகுனவங்க, இவங்களுக்குத்தான் ஆபரேசனுக்கு அப்புறம் வலி கூடுதலாத் தெரியும். ஸ்ட்ராங் மாத்திரையையும் லேசுல விடமாட்டாங்க. ஐயா மூணுலயும் பாஸாயிட்டாரு. என் கணிப்புப்படி ரெண்டு மாசமாவது கேப்பாரு."

"ஸ்ட்ராங்குன்னா என்ன டாக்டர்?"

"அபினுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கங்களேன்."

"மாதாவே!"

"பயப்படாதீங்க. ஆரம்பத்துல அது வேணும். வலியில படுத்தே கெடந்தா புது முட்டி மடங்காது. ஆனா போகப்போகக் கொறைச்சு நிறுத்திறணும். மாத்திரை ஒங்க கையில இருக்கட்டும்."

அப்புறம் செய்யலாம், செய்யக்கூடாது என்று இன்னும் என்னென்னவோ சொன்னார். புஷ்பமேரி ஒன்று விடாமல் கேட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆபரேசன் அன்றைக்கு ஞானதாஸைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளினார்கள். அந்த நிலைமையிலும் சீப்பு கேட்டு வாங்கிச் சுருளைச் சரிசெய்துகொண்டார். வண்டி தியேட்டர் வாசலைத் தொட்டது. புஷ்பமேரி நடுவழியில் நின்று, இரண்டு கையையும் விரித்து, ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி வேண்டினாள்.

"வேளாங்கண்ணி மாதாவே! இந்த மனுசன் வலியில்லாம எந்திரிச்சு நடந்துட்டாருன்னா, ஒன் பெரிய கோயில்லேருந்து மாதாகுளம் வரைக்கும் மணல்ல முழங்கால் போட்டே வருவாரு!"

கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாரு? ஏய் புஷ்பா! யாரு வருவா?"

அதற்குள் ஊசி போட்டுவிட்டார்கள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆபரேசன் முடிந்த முதல் ரெண்டு நாள் வலி அசல் வலி. அதில் தரகே இல்லை. எரியோட்டிலிருந்து வேலைக்கு வந்த நாகஜோதி என்கிற நர்ஸ் பொண்ணு வந்து கேட்டாள்.

"வலி எத்தனை தாத்தா?"

ஞானதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டார். உள்ளபடிக்கு ஆறு இருக்கும். இப்போது நாம் விற்கிற பக்கம். ஒன்பது சொன்னால் பொண்ணு நாலுக்குக் கேட்கும். இழுத்துப் பிடித்து ஆறில் முடிக்கலாம்.

"ஒம்போது."

நாகஜோதி மறுபேச்சுப் பேசவில்லை. போனாள், ஊசியோடு வந்தாள், போட்டாள்.

ஞானதாஸ் அதிர்ந்துபோனார். "என்னம்மா இது, ஒரு பேச்சுக்குக்கூடக் கொறைச்சுக் கேக்க மாட்டியா?"

பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடி, டிக்கெட் எடுக்காமல் கொடைக்கானலில் கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. கட்டில் மிதந்தது. மேலே ஃபேன் மேகத்தைக் கடைந்தது. புஷ்பமேரிகூட அழகாகத் தெரிந்தாள்.

சொன்ன விலைக்குச் சரக்கு கொடுக்கிற சந்தை ஒன்று உலகத்தில் இருக்கிறது! நாற்பது வருசம் இதைத் தெரியாமல் துண்டும் கையுமாக அலைந்துவிட்டோமே! அதுவும் எப்பேர்ப்பட்ட சரக்கு? பல்லைப் பிடித்து வயசு பார்க்க முடியாது. குளம்பைத் தூக்கிப் பார்க்க முடியாது. வலி என்பது நோயாளி சொல்கிற எண். அந்த எண்ணுக்கு மேலே அப்பீல் கிடையாது.

அந்த மிதப்பிலும் தரகர் மூளை தூங்கவில்லை. புஷ்பமேரி என்ன வேண்டிக்கொண்டாள்? வலியில்லாமல் நடந்தால் முழங்கால். அப்படியென்றால் வலி இருக்கிற வரைக்கும் முழங்கால் கிடையாது. செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழா. அது முடிகிற வரைக்கும் எட்டிலிருந்து இறங்குவதில்லை. ஒன்பது கொஞ்சம் பேராசை. எட்டு மரியாதையான எண். ஞானதாஸ் மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டு சபதம் எடுத்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து வெகுநேரம் புத்தி சொன்னார். ஞானதாஸ் கொடைக்கானல் ஏரியில் படகில் போய்க்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

திண்டுக்கல் மேட்டுப்பட்டி வீட்டில் எட்டின் ஆட்சி தொடங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளரும் கரண்டியும். டங் டங் என்று தட்டுவார்.

"புஷ்பா, எட்டு!"

ஓட்டலில் காப்பி சொல்கிற மாதிரிதான். மாத்திரை வரும். பின்னாடியே ஆட்டுக்கால் சூப் வரும். டிவி ரிமோட் வரும். சாயங்காலம் சீட்டாட்டக் கூட்டாளி பொன்னழகு வருவார். ரேசன் கடை கிடையாது, கரண்ட் பில் கட்டப் போகிற வேலை கிடையாது. காலை மடக்கப் பழகுங்கள் என்றால், "எட்டு இருக்கே!" என்பார்.

முட்டி என்னவோ நாணயமானது. அது தன் பாட்டுக்கு ஆறி வந்தது. வலி ஆறு, அஞ்சு, நாலு, மூன்று என்று இறங்கியது. எண் மட்டும் இறங்கவில்லை. மாட்டின் நொண்டல் தீர்ந்துவிட்டது, தரகர் நொண்டினார்.

நொண்டி மாடு நிசமாகவே நொண்டியா என்று பார்க்க, புஷ்பமேரியின் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். பருத்திக்கொட்டை வாளியைத் தள்ளி வைத்துவிட்டு மறைந்து நிற்பார். ஒருநாள் புஷ்பமேரி நெஞ்செலும்புக் குழம்பு வைத்தாள். மணம் தெருவைத் தாண்டியது. கிண்ணத்தை முன்னறை மேசையில் வைத்துவிட்டு, "செபமாலைக்குப் போயிட்டு வாரேன், வந்து சோறு போடுறேன்" என்று சொல்லிக் கிளம்பினாள். செபமாலை பக்கத்துவீட்டுச் சுவரோடு முடிந்தது. செத்த நேரத்தில் திரும்பினாள்.

கைபிடித்து நடக்கிற வாக்கர் கட்டிலோரம் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. ஞானதாஸ் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தார்.

"கொழம்பு எங்கங்க?"

"பூனை."

"பூனை எலும்பைத் தட்டி உறிஞ்சியிருக்கு."

"கெட்டிக்காரப் பூனை."

"உறிஞ்சின எலும்பைக் கிண்ணத்து ஓரமா அடுக்கியிருக்கு. கை கழுவித் துண்டுல தொடச்சிருக்கு."

"நல்ல குடும்பத்துப் பூனை போல."

"சரி, இப்ப ஒங்களுக்கு வலி எத்தனை?"

"எட்டு."

"பூனைக்கு?"

ஞானதாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

புஷ்பமேரி சண்டை போடவில்லை. அதுதான் ஆபத்து என்று நாற்பது வருச சம்சாரி உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை. மறுநாள் காலையில் டங் டங் என்று தட்டினார்.

"புஷ்பா, எட்டு!"

மாத்திரை வந்தது. பின்னாடியே கஞ்சி வந்தது. சூப் இல்லை. ரிமோட்டும் இல்லை.

"என்ன இது?"

"பூத்துலேருந்து டாக்டருக்குப் போன் போட்டேன். எட்டுன்னா ஒடம்பு ரொம்ப நொந்திருக்காம். கறி ஆகாது, கஞ்சிதான். டிவி ஆகாது. ஆள் வந்து பேச்சுக் குடுக்கவும் ஆகாது."

போன் போட்டாளா என்பது அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஆனால் மறுத்துப் பேச வழியில்லை. எட்டு என்று சொன்னவர் இவர்தானே? தவிரவும் அந்த மாத்திரை ஏற்கெனவே வயிற்றைக் கட்டிப்போட்டிருந்தது. உள்ளே போனதெல்லாம் அங்கேயே வீடு பிடித்துக் குடியிருந்தது.

சாயங்காலம் பொன்னழகு சீட்டுக்கட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணன் என்ன செய்யிறாரு மதினி?"

"எட்டு."

"எட்டு மணிக்கு வரவா?"

"வலி எட்டு தம்பி. எட்டுக்கு ஆள் பாக்கக்கூடாது."

உள்ளேயிருந்து கட்டில் அலறியது. "புஷ்பா! ஏழு!"

"ஏழுக்கும் பாக்கக்கூடாது."

"அப்ப ஏழுக்கு என்னதான் உண்டு?"

"டிவி. சத்தமில்லாம."

"ஆறு?"

"இட்லி. பொன்னழகு தம்பி வாசப்படியோட நிக்கலாம்."

"அஞ்சரை!"

"அரையெல்லாம் கெடையாது."

"ஏய், நாற்பது வருசத் தரகன்டி நானு! அரையில்லாம வியாபாரம் உண்டா? ஒங்கப்பன் கூட அரை குடுப்பாரு!"

"சரி, அஞ்சரைக்குத் தம்பி உள்ள வரலாம். சீட்டைத் தொடக்கூடாது."

பொன்னழகு ஒரு காலைப் படிக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, ஏலம் எங்கே படியும் என்று பார்த்தபடி நின்றார்.

"அஞ்சுக்கு?" என்றார் ஞானதாஸ்.

"அஞ்சுக்குக் கறி உண்டு. சீட்டு உண்டு. ஆனா வாக்கர் புடிச்சுத் தெருக்கோடி வரைக்கும் நடக்கணும், காலை மடக்கி நீட்டணும். அந்த ஸ்ட்ராங் மாத்திரையும் கொறஞ்சுக்கிட்டே வரும். அஞ்சு வலிக்கு எதுக்கு அபினோட சொந்தக்காரன்? சாதா மாத்திரை போதும்."

"அஞ்சுக்கும் கீழ போனா?"

"போனா வலி தீந்ததுன்னு அர்த்தம். வேளாங்கண்ணிதான்."

ஞானதாஸ் மறுநாள் முழுக்க யோசித்தார். எட்டில் கொடைக்கானல் இருக்கிறது, கஞ்சியும் இருக்கிறது. அஞ்சில் கறி இருக்கிறது, மிதப்பு இல்லை. அந்த மிதப்பை விட மனசே வரவில்லை. மாத்திரை நேரம் தள்ளிப்போனாலே உடம்பு பரபரத்தது, மூக்கு ஒழுகியது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. பக்கத்து வீட்டில் மட்டன் தாளிக்கிற வாசம் வந்தது. கொடைக்கானலில் எம்புட்டுக் குளிரும் எம்புட்டு மேகமும் இருந்து என்ன, வயிறாரச் சாப்பிட வேண்டுமென்றால் திண்டுக்கல்லுக்கு இறங்கித்தானே வர வேண்டும்?

"புஷ்பா" என்றார் ஈனசுரத்தில். "அஞ்சு."

புஷ்பமேரி மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. மூன்று வேளையை இரண்டாக்கினாள், இரண்டை ஒன்றாக்கினாள், அப்புறம் ஒன்றும் இல்லாமல் ஆக்கினாள். ஒவ்வொரு வேளை குறையும்போதும் குழம்பில் ஒரு துண்டு கூடியது. மாத்திரை போன வழியில் வயிறும் வழிக்கு வந்தது. தெருக்கோடி நடை சர்ச் வரைக்கும் நீண்டது. முட்டி நன்றாக மடங்கியது. வாக்கரில் புஷ்பமேரி ஈரத் துணி காயப்போட்டாள்.

ஆனால் அஞ்சு அஞ்சாகவே நின்றது. அந்த இடத்தில் ஞானதாஸ் ஆணி அடித்து உட்கார்ந்துவிட்டார். பொன்னழகு கூட ஒருநாள், "தெருவுல நாய் தொரத்துனப்ப அண்ணன் ஓடுனதைப் பாத்தேனே" என்றார். "அது அஞ்சோட ஓட்டம்" என்றார் ஞானதாஸ்.

ஆகஸ்ட் கடைசி வந்தது. தெருவில் வேளாங்கண்ணிக்கு பஸ் பேசினார்கள்.

"நம்ம ரெண்டு பேருக்கும் சீட்டுச் சொல்லிட்டேங்க" என்றாள் புஷ்பமேரி.

ஞானதாஸின் கையிலிருந்த சீட்டுகள் சரிந்தன. "ஏய், எனக்கு அஞ்சு இருக்கே!"

"அதுக்குத்தான் போறோம். எத்தனை நாளா அந்த அஞ்சு ஒங்களைப் பாடாப் படுத்துது! முழங்கால் போட்டு மணல்ல போனீங்கன்னா மிச்சத்தையும் மாதா எடுத்துக்குவா."

"வலி போனப்புறந்தானடி வேண்டுதல்?"

"முன்கூட்டியே செலுத்துனா மாதா வேண்டாம்பாளா?"

ஞானதாஸுக்குக் கண்ணெதிரே மணல் விரிந்தது. வெயிலில் பொரிகிற மணல். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். நடுவில் முழங்காலில் இவர். சுருள்முடி வேர்வையில் ஒட்ட, சாயம் கன்னத்தில் கோடு கோடாக வழிய, சனம் பார்க்கிறது. தோளில் கிடந்த துண்டை உதறினார்.

"வா. துண்டு போட்டுப் பேசிருவோம்."

புஷ்பமேரி வெட்கப்பட்ட மாதிரி சிரித்தாள். ஆனால் கை நீட்டினாள். பொன்னழகு சாட்சிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்து விரலும் பிடித்தால் முழுத் தூரம் என்று கணக்கு. துண்டு இரண்டு கைகளையும் மூடியது.

ஞானதாஸ் ஒரு விரலைப் பிடித்தார். புஷ்பமேரி அவருடைய அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, மறுபடியும் அஞ்சையும் பிடித்தாள். அவர் இரண்டு பிடித்தார். அவள் மறுபடியும் பத்து. அவர் மூன்று. அவள் பத்து. துண்டு நனைந்தது. செத்துப்போன மாமனார் கல்லறையிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

"மதினி, ஒரு விரலாவது எறங்குங்க. அண்ணன் மொகம் வெளுத்துப் போச்சு" என்றார் பொன்னழகு.

"மாதாட்ட சொன்ன சொல்லு தம்பி. நான் எப்படி எறங்க முடியும்?"

"என் ஒசரத்துக்கு மெழுகுவத்தி ஏத்துறேன்" என்றார் ஞானதாஸ்.

"கரண்ட் போனா ஏத்திக்கலாம்."

"வெள்ளியில முட்டி செஞ்சு போடுறேன்."

"இரும்பு முட்டி உள்ள இருக்கு, அதுக்கு வெள்ளி முட்டியா?"

"அப்ப என்னதான்டி வேணும்? இந்தா, என் முடியைத் தாரேன்! மொட்டை போடுறேன்! போதுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் எதிராளி முகத்தைப் பார்த்தார். புஷ்பமேரியின் முகத்தில் கொஞ்சங்கூடச் சந்தோசம் இல்லை. கைக்கு வந்த சரக்கு போதாது என்கிற முகம். உதட்டைப் பிதுக்கினாள்.

"முடியா? முழங்காலுக்கு முடி எப்படிங்க ஈடாகும்? மொளைச்சுக்கிற சாமான்."

எதிராளி சலித்துக்கொண்டால் சரக்கு நல்ல சரக்கு என்று அர்த்தம். ஞானதாஸுக்குப் புது ரத்தம் ஓடியது. "எப்பேர்ப்பட்ட முடி தெரியுமா இது? இந்தச் சுருள் ஒண்ணே போதும், மாதாவுக்கு!"

"மீசையும் சேத்துன்னா யோசிக்கலாம்."

"மீசை கெடையாது! அது தனி உருப்படி!"

"அப்ப வேண்டாம். மணல்லயே போவோம்."

"புஷ்பா, ஒன்னைக் கும்புடுறேன். மீசையை விட்டுரு."

புஷ்பமேரி கூரையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். ஒரு பொட்டுக் கண்ணீர்கூட விட்டதாகப் பொன்னழகு பிற்பாடு சாட்சி சொன்னார். கடைசியில் துண்டுக்குள் அவர் கையை ஒரு அழுத்து அழுத்தினாள். வியாபாரம் முடிந்தது.

அவள் அடுப்படிக்குப் போன பிறகு ஞானதாஸ் பொன்னழகின் காதில் சொன்னார். "பாத்தியாலே? காலைக் கேட்டு வந்தவளை வெறும் முடியோட அனுப்பிட்டேன். மீசையையும் மீட்டுட்டேன். இந்த மாதிரி ஒரு தரகு நான் மணப்பாறையில கூடப் பண்ணதில்ல."

"ஆனா மதினி அடுப்படியில பாட்டுப் பாடுதே அண்ணே?"

"நட்டத்துல பாடுவாக. நீ சீட்டைப் போடு."

வேளாங்கண்ணியில் தலையைக் கொடுத்தார். கத்தி ஓட ஓட, மேலே கறுப்பும் அடியில் வெள்ளையுமாகச் சுருள் சுருளாக விழுந்தது. சந்தனம் பூசினார்கள். கடற்காற்று தலையில் நேரடியாக அடித்தது. மொட்டைத் தலையும் கறுத்த மீசையுமாக அவர் மாதாகுளத்துப் பாதையோரம் கம்பீரமாக நின்றார். மணலில் முழங்காலில் போகிற சனத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். துண்டு போட்டுப் பேசத் தெரியாத சனங்கள்!

திரும்பி வந்த வாரத்தில் மதுரை டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. டாக்டருக்கு முதலில் ஆள் அடையாளமே தெரியவில்லை. மீசையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வலி எத்தனைய்யா?"

ஞானதாஸ் புஷ்பமேரியைப் பார்த்தார். இனி என்ன பயம்? வேண்டுதல் தீர்ந்தது, திருவிழாவும் போயிற்று. ஆயுளில் முதல் தடவையாக உள்ள எண்ணை உள்ளபடி சொன்னார்.

"ரெண்டு டாக்டர். படி ஏறுனா மட்டும்."

டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஸ்ட்ராங் மாத்திரை?"

"அது ஒண்ணரை மாசத்துலயே போயிருச்சு. கறிக்காக விட்டுட்டேன்."

"என்னது?"

"நீங்கதானே போன்ல சொன்னீங்க, எட்டுன்னா கஞ்சின்னு?"

"எனக்குப் போனே வரலையே!" டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். "ரெண்டு மாசத்துக்கு மாத்திரையை விடமாட்டீங்கன்னு கணிச்சிருந்தேன். இந்த ஆஸ்பத்திரியிலேயே என் கணிப்பு தப்புனது ஒங்ககிட்டதான். சரி, மொட்டை எதுக்கு?"

அதைக் கேட்கத்தானே ஞானதாஸ் காத்திருந்தார்! நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மணல், முழங்கால், துண்டு, பத்து விரல், மீசை மீட்பு எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். டாக்டர் பாதிக் கதையிலேயே கையை உயர்த்தினார்.

"இருங்க, இருங்க. முழங்கால்ல போறதா? இந்த முட்டியைத் தரையில ஊனி மணல்ல போகவே கூடாதே! ஆபரேசனுக்கு முந்தியே அம்மாட்ட சொன்னேன். வீட்டுக்குப் போற அன்னிக்கு ஒங்ககிட்டயும் சொன்னேன். நல்லாத் தலையாட்டுனீங்க!"

ஞானதாஸ் மெதுவாகத் திரும்பினார். புஷ்பமேரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய மற்றக் காலைத்தான், செம்பட்டிச் சந்தையில் அவள் அப்பா மாட்டைப் பார்க்கிற மாதிரி, மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடது முட்டியை எப்ப மாத்தலாம் டாக்டர்?" என்றாள். "மீசை இன்னும் பாக்கி இருக்கு."